ஈசான மூலையும் எட்டாம் மாடியும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அதனால் இரு பக்கத்துக் காணிகளும் ஒன்றில் வடக்கைப் பார்க்கும், அல்லது தெற்கைப் பார்க்கும். கிழக்கு வாசல் வேண்டுமென்றால் காலி வீதியின் கடற்பக்கத்தில் காணி வேண்டும். அங்கே வரிசையாகக் கடைகள். வீட்டுப்படம் கீறுவது என் தொழில். அதில் கால் வைத்த நாளிலிருந்து இந்த ஒழுங்கைகளின் திசை என் மேசையை விட்டுப் போனதில்லை. ஒரே ஒழுங்கை, ஒரே அளவுக் காணி, ஒரே விலை என்றாலும் வடக்கு வாசல் வரக்கூடிய காணிக்குத்தான் எங்கள் ஆட்கள் முதலில் கேட்டு வருவார்கள். தெற்கு வாசல் என்றால் வீட்டுக்கார அம்மாவின் முகம் வாடிவிடும்.

இந்தக் கணக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அங்கே வீடு கட்டுவதில் முதல் வேலை நிலையம் எடுத்தல். ஆசாரியாரோ சாத்திரம் தெரிந்த பெரியவரோ வந்து, காணியை அளந்து, வீட்டுக்காரரின் நட்சத்திரத்தைக் கேட்டு, வீடு எந்த இடத்தில் அமைய வேண்டும் என்று முளை அடித்துக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் நாள்கல், அதாவது நல்ல நேரம் பார்த்து வைக்கும் அடிக்கல். பரப்புக் கணக்கில் காணி இருந்த ஊர் அது. 1 பரப்பு என்றால் 10 பேர்ச். 4 பரப்பு வளவில் வீட்டை இரண்டு முழம் கிழக்கே தள்ளி வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மனையடி சாத்திரம் சொல்லும் அடிக்கணக்கும் அப்படியான வளவுக்கு உரியதுதான். அறையின் உள்ளளவு 6, 8, 10, 11, 16, 17 அடி என்றால் நல்லது. 7, 9, பிறகு 12 முதல் 15 வரை ஆகாது. சுவர் எழும்ப முன்னர் பார்க்க வேண்டிய சாத்திரம் அது. எழும்பிவிட்ட சுவருக்கு அதனிடம் பெரிதாக மருந்து கிடையாது.

நாள் பார்ப்பதும் அப்படியே. வாஸ்து புருஷன் நித்திரை விட்டெழும் நாட்கள் ஆண்டுக்கு எட்டு. ஆனி, புரட்டாதி, மார்கழி, பங்குனி நீங்கலாக மற்ற எட்டு மாதங்களிலும் ஒவ்வொரு நாள். அந்த நாளிலும் அவர் விழித்திருப்பது 3¾ நாழிகை, எங்கள் மணிக்கூட்டில் 90 நிமிடம். அதை ஐந்தாகப் பிரித்தால் 18 நிமிடம் வீதம் பல் துலக்க, முழுக, பூசை செய்ய, சாப்பிட, வெற்றிலை போட. கடைசி இரண்டு கூறுகளான 36 நிமிடத்துக்குள் கல் வைக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சீமெந்துக் கலவையோடு மேசன்மார் காத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். அந்த ஒழுங்கில் ஓர் அழகு உண்டு. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பு மண்ணில் இறங்கும் நேரத்தில் எல்லோரும் ஒரு கணம் வாய் மூடி நிற்கிறார்கள்.

கொழும்பில் இந்தச் சாத்திரத்துக்குக் காணி கிடைக்கவில்லை. என் கதையின் மையம் இதுதான்.

1905இல் வடக்கு ரயில் பாதை காங்கேசன்துறை வரை போனபின் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அரசாங்கக் கந்தோர்களுக்கு ஏராளமாக வந்தார்கள். குடும்பம் ஊரில், சம்பளம் கொழும்பில். சில ஆண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஆள் வைத்து வாழும் சமறிகள் பெருகின. 1877இலேயே கடலோர ரயில் வெள்ளவத்தையைக் கடந்து தெற்கே போய்விட்டதால் கோட்டைக்கு வேலைக்குப் போய்வர அந்த இடம் வசதி. பிறகு மனைவி பிள்ளைகளும் வந்தார்கள். இராமகிருஷ்ண மிஷன் வந்தது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் ஊன்றியது. ஆனால் வீடு பெரும்பாலும் வாடகை வீடு. வாடகைக்காரர் வாசலை மாற்ற முடியாது, குசினியைத் தென்கிழக்கு அக்கினி மூலைக்கு நகர்த்த முடியாது. அவருக்கு முடிந்தது மூன்று: கட்டிலைத் திருப்பலாம், சுவாமி படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தீர்மானிக்கலாம், பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கலாம்.

கொட்டாஞ்சேனையின் கதை இன்னும் நெருக்கமானது. ஒரு காலத்தில் கொழும்பின் செல்வர்கள் குடியிருந்த பகுதி அது. ஒல்லாந்தர் 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் மேட்டில் நிற்கிறது. பொன்னம்பல முதலியார் 1857இல் எழுப்பி, அவர் மகன் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1875இல் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தபின் நிலைமை மாறியது. துறைமுகம் பெருக, நிலக்கரித் தூசியும் பண்டகசாலைகளும் வந்தன. பணக்காரர் கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத் தோட்டத்துக்கும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வளவுகளில் துறைமுகத் தொழிலாளருக்கு வரிசை வரிசையாக அறைகள் எழுந்தன. அவற்றைத்தான் தோட்டம் என்கிறோம். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள், ஒரே கதவு, பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். அப்படியான ஓர் அறைக்கு மூலை என்று பிரித்துச் சொல்ல எதுவும் மிஞ்சாது. ஆனாலும் அங்கே ஒழுங்கு இருந்தது. கதவுக்கு எதிர்ச் சுவரில் சுவாமி தட்டு. அதற்குக் கீழே ஒருவரும் கால் நீட்டிப் படுப்பதில்லை. கத்தோலிக்க வீடென்றால் அதே இடத்தில் அந்தோனியார். குடிபுகும் நாளில் இரண்டு வீட்டிலும் பால் பொங்கியது.

நகரத்துக்கும் தன் சொந்த மனையடி சாத்திரம் உண்டு என்பதை நான் தொழிலில்தான் கற்றேன். 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. கொழும்பின் நெருக்கமும் நோயும் அதிகாரிகளைப் பயமுறுத்திய காலம். காற்றும் வெளிச்சமும் இல்லாத அறையை அனுமதிப்பதில்லை என்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. கட்டடம் 63½ பாகைச் சாய்வில் இழுத்த ஒளிக்கோட்டைத் தாண்டக் கூடாது என்ற கணக்கை நாங்கள் பழகியது அந்த வழியில்தான். சுருக்கமாகச் சொன்னால் 1 அடி வெளிக்கு 2 அடி உயரம். படம் கீறும்போது அந்தக் கோட்டை முதலில் இழுப்பேன். வடகிழக்கு ஈசான மூலையைத் திறந்து வை, தென்மேற்குக் கன்னி மூலையை மூடிக் கனமாக்கு என்று பாட்டன் சொன்னதும் காற்றையும் வெயிலையும் பற்றிய பேச்சாகத்தான் என் காதில் விழுகிறது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகம் வெள்ளவத்தையில் மழையையும் கடல் உப்பையும் ஒன்றாகக் கொண்டுவந்து சுவரில் அறையும். அந்த மூலையில் பெரிய யன்னல் வைத்த வீட்டின் இரும்புக் கம்பி கறள் பிடித்துக் கொங்கிறீற்றைப் பிளப்பதை ஒழுங்கைக்கு ஒழுங்கை பார்க்கலாம்.

அடிக்கணக்கு இன்று எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். படம் மீற்றரில், சாத்திரம் அடியில். கட்டுபவருக்கு 3 மீற்றர் அறை வசதி. ஆனால் 3 மீற்றர் என்பது 9 அடி 10 அங்குலம். நல்ல கணக்கான 10 அடிக்கு 2 அங்குலம் குறைவு. 10 அடி சரியாக விழ வேண்டுமென்றால் பூச்சுக்குப் பூச்சு 3.05 மீற்றர் வேண்டும். பூச்சு இரு பக்கமும் ⅝ அங்குல வீதம் தின்னும். ஆகவே கல்லுக்குக் கல் 3.08 மீற்றர் கட்ட வேண்டும். அந்த 8 சென்ரி மீற்றரை அடுத்த அறையிலிருந்தோ நடைபாதையிலிருந்தோ பறித்துத்தான் கொடுக்க முடியும். கட்டி முடித்த பிளற்றை வாங்கியவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். 9 அடி அகலத்தை 8 அடியாக்க ஒரு சுவர் நீளத்துக்கு அலுமாரி அடித்து மூடிவிடுவார்கள். சின்ன அறை இன்னும் சின்னதாகும். அதைத் தடுத்து நான் பேசுவதுண்டு. ஒரு பிள்ளை மேசை போட்டுப் படிக்கும் இடத்தை அந்த அலுமாரி விழுங்கிவிடுகிறது.

1973இல் வந்த 11ஆம் இலக்க அடுக்குமாடி உரிமைச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. காணி இல்லாமலே ஒரு வீட்டுக்கு உறுதி எழுதலாம் என்றானது. 1990களிலிருந்து வெள்ளவத்தையின் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து தொடர்மாடிகளாயின. வெளிநாட்டுப் பிள்ளைகளின் பணம் வந்தது, போரில் ஊரை விட்டு வந்தவர்களுக்கு இடம் தேவைப்பட்டது. தொடர்மாடியில் வெளிச்சுவர், தளம், குழாய் ஓடும் செங்குத்து இடைவெளி எல்லாம் பொதுச் சொத்து; தனி ஒருவர் கை வைக்க முடியாது. கக்கூஸ் குழாய் நேராகக் கீழே விழ வேண்டும் என்பதால் முதல் மாடியில் அது ஈசான மூலையில் வந்துவிட்டால் எட்டாம் மாடி வரை அதே மூலைதான். சாத்திரம் கூடாது என்று அழுத்திச் சொல்லும் இடம் அது. இதற்குத்தான் ஆட்கள் என்னிடம் அதிகம் வருகிறார்கள், சாவி கையில் வந்தபின். ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு வையுங்கள் என்று யாரோ சொல்லியிருப்பார். உப்பு ஈரத்தை இழுக்கும், அதனால் கேடில்லை. குடிபூரலுக்குப் பசுவும் கன்றும் லிப்ற்றில் ஏற முடியாது. கீழே வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்திப் பூசை செய்து, மேலே ஹோலில் தகரத் தட்டில் மணல் பரப்பிச் செங்கல் வைத்துப் பால் காய்ச்சுகிறார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி அந்தத் தட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று கண் எடுக்காமல் பார்ப்பார்.

ஒரு விடயத்தைக் கடந்து போக முடியாது. 1983 யூலையில் தமிழர் வீடுகள் கொளுத்தப்பட்ட கலவரத்துக்குப் பிறகு, வீட்டில் என்ன குறை இருந்தது என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வாசல் பிழையோ, கிணறு பிழையோ என்று. கொளுத்த வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வடக்கு வாசல் வீடும் எரிந்தது, தெற்கு வாசல் வீடும் எரிந்தது. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 300 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த அறைகளின் கட்டில் எந்தத் திசையில் கிடந்தது என்று ஆராய்வது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். நாட்டின் குற்றத்தை வீட்டுக்காரரின் குசினி மீது சுமத்தும் வாஸ்துக்காரரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

சுவரை மாற்ற முடியாத இந்தத் தொடர்மாடி வாழ்க்கைக்குள்தான் சீனரின் மனைச் சாத்திரமான பெங் சுயி வருகிறது. சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்களின் பயணப்பெட்டியிலும், பம்பலப்பிட்டிக் கடைத்தொகுதிகளிலும், சென்னைச் சஞ்சிகைகளின் பக்கங்களிலும் 1990களுக்குப் பின் அது எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது. வாயில் காசு வைத்த மூன்று கால் தவளை, எண்கோணக் கண்ணாடி, காற்றில் ஒலிக்கும் குழாய் மணி, தண்ணீர்ப் போத்தலில் நிற்கும் அதிர்ஷ்ட மூங்கில். அது மூங்கிலே அல்ல. ஆபிரிக்காவிலிருந்து வந்த டிரசீனாச் செடி. ஏன் இவ்வளவு வேகமாக ஏற்றுக்கொண்டோம் என்று யோசித்தால் விடை முன்னே சொன்னதில் இருக்கிறது. சுவரைப் பற்றிப் பேசிய சாத்திரத்துக்கு எங்களிடம் சுவர் இல்லை. நகர்த்தக்கூடிய பொருளைப் பற்றிப் பேசும் சாத்திரம் வந்ததும் கை நீட்டி வாங்கினோம். சீனத்திலும் அது தொடக்கத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் கல்லறைக்கும் ஊருக்கும் இடம் தெரியும் கலையாகத்தான் இருந்தது. ஹொங்கொங்கில் 1985இல் நிறைவடைந்த எச்எஸ்பிசி வங்கித் தலைமையகம் கட்டும்போதும் அதன் ஆலோசனை கேட்டார்கள். கடல் பார்க்கும் வெளியும் பெரிய காணியும் உள்ள வங்கிக்கு அது சரி. 600 சதுர அடிக்குள் வாழும் குடும்பத்துக்குக் கண்ணாடியும் தவளையும்தான் வந்து சேர்ந்தன.

இரண்டையும் ஒரே வீட்டில் கலக்கும்போது முட்டுகிறது. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று அம்மா சொல்வார். பிறந்த ஆண்டை வைத்துப் பெங் சுயி தரும் எண்ணின்படி மகனுக்கு நல்ல திசை வடக்காகவே வரலாம். எங்களுக்குத் தெற்கு யமன் திசை. சீனருக்கு அரண்மனையே தெற்கைப் பார்க்க வேண்டும். பீஜிங் 40 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் இளம் வெயில் தெற்கிலிருந்து மட்டுமே உள்ளே வரும். முதுகில் வாடை அடிக்காமல் சுவர் வேண்டும். கொழும்பு 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்ரெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் எங்களுக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். எங்கள் பகை மேற்கு வெயில். ஆகவே வெள்ளவத்தை ஒழுங்கையில் தெற்கு வாசல் என்று தள்ளிவிட்ட வீட்டை ஒரு பெங் சுயி ஆசான் சந்தோசமாக எடுத்திருப்பார், நான் காற்றோட்டத்துக்காக எடுத்திருப்பேன். சீனமும் தமிழும் இந்தத் தீவில் சந்திப்பது புதிதல்ல. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலியில் விட்டுப்போன 1409ஆம் ஆண்டுக் கல் கொழும்பு அரும்பொருட் காட்சிச்சாலையில் இருக்கிறது. அதில் சீன எழுத்து புத்தருக்கும், தமிழ் எழுத்து தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீக எழுத்து அல்லாவுக்கும் காணிக்கை சொல்கின்றன. மூன்றும் ஒரே கல்லில், ஒன்றின் இடத்தை ஒன்று பறிக்காமல்.

சின்ன வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது படம் இன்னும் கடதாசியில் இருக்கும்போது வாருங்கள் என்பதுதான். கக்கூஸ் குழாய் எந்த மூலையில் விழுகிறது, அடுப்படி யன்னல் எந்தப் பக்கம், மேற்குச் சுவரில் எத்தனை அடி கண்ணாடி என்று அப்போது கேட்டால் ஒரு கோட்டை அழித்து மறுபடி இழுக்கலாம். விற்பனைக்காக அச்சிடும் வண்ணப் படங்கள் பலவற்றில் வடக்குக் குறியே இருப்பதில்லை. முற்பணம் கட்ட முன்னர் அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், பின்னேரம் நாலு மணிக்குக் காணிக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று நின்று பாருங்கள்.