பெயரைக் கழற்றிவிட்டுப் போன குறிப்பு

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரிடம் வரவேற்பு மேசையில் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்பார்கள். எங்கே அடித்தார்கள்? எத்தனை மணிக்கு? கையாலா, கத்தியாலா, கிளாஸாலா? அந்தப் பதில்கள் கணினியில் ஏறும் நொடியில் ஒரு குறிப்பு பிறக்கிறது.

இந்த முறையைப் பெற்றெடுத்தவர் ஒரு முக அறுவை மருத்துவர், ஜொனாதன் ஷெப்பர்ட். 1980-களில் மருத்துவமனைப் பதிவையும் காவல்துறைப் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்தார். தையல் போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் காவல் நிலையப் பக்கமே போயிருக்கவில்லை. அடித்தவன் திரும்ப வருவானோ என்ற பயம் சிலருக்கு; தன் மேலும் தப்பிருக்கிறதே என்ற தயக்கம் சிலருக்கு. போலீசுக்குத் தெரியாத அந்தத் தகவலைப் பிடிக்கத்தான் மருத்துவமனையிலேயே இந்தக் கேள்விகள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது குறிப்பு தன் பெயரைக் கழற்றிவிடுகிறது. யார் என்பது போய், எங்கே, எப்போது, எதனால் என்பது மட்டும் மிஞ்சும். அப்படி உரித்ததால்தான் நோயாளியின் ரகசியம் கெடாமல் அதைக் கைமாற்ற முடிந்தது. காவல்துறைத் தகவலோடு சேர்ந்து அது ஒரு மேசைக்கு வருகிறது; கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருத்துவர்கள், போலீஸ், நகராட்சி எல்லாரும் 1990-களின் பிற்பகுதி முதல் கூடிப் பேசும் மேசை அது. குறிப்புகள் எந்த மதுக்கடை வாசலில் குவிகின்றன என்று பார்த்து ரோந்துப் பாதையை மாற்றினார்கள். உரிமம் வழங்குவோருக்கும் தகவல் போனது.

எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. கிளாஸ் காயங்களுக்குத் தீர்வாக, எளிதில் உடையாத ‘டஃபன்டு’ கிளாஸை மதுக்கடைகளில் கொடுத்துச் சோதித்தார்கள். 2000-இல் வெளியான முடிவு தலைகீழ்: அதைப் புழங்கிய கடை ஊழியர்களுக்குத்தான் காயம் அதிகம். தரமாகப் பதப்படுத்தாத கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியைவிடச் சுலபமாக உடைந்தது! இந்தத் தோல்வியை மறைக்காமல் அச்சிட்டார்கள் என்பதாலேயே இவர்களுடைய மற்ற கணக்குகளையும் நான் நம்புகிறேன்.

அப்படியொரு கணக்கு 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒப்பிட எடுத்த 14 நகரங்களில், வன்முறையால் மருத்துவமனையில் சேர்ந்தோர் லட்சம் பேருக்கு மாதம் 5-லிருந்து 8 ஆனார்கள். கார்டிஃபில் 7-லிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் போலீஸ் பதிவில் சில்லறை அடிதடி வழக்குகள் அங்கே கூடின. கைகலப்பு முற்றுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

பிறகு குறிப்பு கடல் தாண்டியது. அமெரிக்காவின் அட்லாண்டாவில், கிரேடி மருத்துவமனையில் செவிலியர்கள் அதே கேள்விகளைக் கேட்டார்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இந்த முறைக்கு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. கணினியில் நாலு கட்டம் கூட்டுவது பெரிய செலவில்லை. மருத்துவரையும் போலீசையும் மாதா மாதம் ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் கஷ்டம்; அதைச் செய்யாத ஊர் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை.