பாம்புக்கு வீடு கட்டிய வரலாறு

மனிதன் தன் இருப்பிடத்தின் எல்லைக்குள் சேர்த்துக்கொண்ட ஜீவராசிகளுள் பசுவுக்குத் தொழுவமும், குதிரைக்கு லாயமும், யானைக்குக் கொட்டாரமும், அந்தந்தப் பிராணியின் உடம்பையும் சுபாவத்தையும் அனுசரித்துப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அமைந்துவிட்டிருக்க, பாம்புக்கு மட்டும் மிகச் சமீப காலம் வரையில் வீடு என்று சொல்லத்தக்க ஒன்று இருந்ததாகச் சொல்வதற்கில்லை. பாம்பாட்டியின் தோளில் தொங்கும் கூடை, பாம்பைச் சுமந்து திரிவதற்கு வசதியாக முடையப்பட்டதேயன்றி, பாம்பு அதில் வாழவேண்டும் என்ற உத்தேசத்தோடு செய்யப்பட்டதன்று. பல் பிடுங்கப்பட்ட நாகம் இரையெடுக்காமல் சில மாதங்களில் மாண்டுபோகும். பாம்பாட்டி வேறொன்றைப் பிடித்து வந்து அதே கூடையில் வைத்து மூடுவான்.

ஐரோப்பியர் நிலையும் ஆதியில் இதைவிட மேலானதாக இல்லை. 1817இல், கப்பல் வைத்தியராயிருந்த மக்லியாட் என்பவர், போர்னியோவில் பிடிபட்ட பெரிய பாம்பொன்றை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல நடந்த பிரயத்தனத்தை விவரித்து எழுதியிருக்கிறார். மரச்சட்டம் அடித்த கூண்டு, உயிரோடு உள்ளே விடப்பட்ட ஆடு, வேடிக்கை பார்க்கச் சூழ்ந்து நின்ற மாலுமிகள் எல்லாம் அந்த வருணனையில் உண்டு. பாம்புக்கு வேண்டிய வெப்பத்தைப் பற்றிய சிந்தனைதான் இல்லை. நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, செயின்ட் ஹெலினா தீவைச் சேர்வதற்கு முன்பே அது இறந்துவிட்டது.

தப்பிப் பிழைத்து லண்டன் சேர்ந்த பாம்புகளுக்குக் கிடைத்தது ஒரு பெட்டியும் ஒரு கம்பளிப் போர்வையும். குளிரில் நடுங்கும் மனிதனுக்குப் போர்வை இதமளிக்கிறதே, பாம்புக்கும் அளிக்காதா என்பது அக்காலத்தவர் அனுமானம். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை வெளியே போகாமல் தடுக்க மட்டுமே செய்கிறது என்பதையும், பாம்பின் உடம்பு அப்படி வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் உடம்பே அன்று என்பதையும் அவர்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்நாளில் லண்டன் டவர் கோட்டைக்குள் அரசருக்குச் சொந்தமான மிருகசாலை ஒன்று இருந்தது. அதன் தலைமைக் காவலர் ஆல்பிரட் காப்ஸ் ஒரு நாள் பெரிய பாம்புக்குக் கோழி ஒன்றைக் கையில் பிடித்து நீட்டியபோது நிகழ்ந்ததை, 1826இல் பிராடெரிப் என்ற இயற்கை நூலார் பதிவு செய்திருக்கிறார். பாம்பு பாய்ந்தது, கோழியைத் தவறவிட்டு காப்ஸின் இடக்கைப் பெருவிரலைக் கவ்வியது, கண் இமைப்பதற்குள் அவர் கையையும் கழுத்தையும் சுற்றி இறுக்கத் தொடங்கிவிட்டது. உடன் பணிபுரிந்த இருவர் ஓடிவந்து, அதன் பற்கள் விரலிலேயே முறிந்து தங்கும்படி பிய்த்து எடுத்தபிறகுதான் அவர் பிழைத்தார். பாம்புக்கு அவர்மீது விரோதம் ஒன்றுமில்லை. அது சட்டை உரிக்கும் தறுவாயில் இருந்தது. அச்சமயத்தில் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் ஊறிக் கண்ணின்மேல் பால் படர்ந்தாற்போல் மங்கிவிடுமாதலால், எதிரே இருப்பது கோழியா, கையா என்று அதற்குத் தெரியாது. சட்டை உரிக்கும் பாம்பைத் தொந்தரவு செய்யாமல், அது ஒதுங்கிக் கிடக்க இருட்டான மறைவிடம் ஒன்று கொடுக்கவேண்டும் என்பது இன்று பாம்பு வளர்ப்போர் அனைவரும் அறிந்த பாலபாடம். காப்ஸுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அன்று ஆள் இல்லை.

1849ஆம் ஆண்டில் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில், ஊனுண்ணும் மிருகங்கள் முன்பு இருந்த கட்டிடத்தைத் திருத்தி, ஊர்வனவற்றுக்கென்று தனிமாளிகை ஒன்றைத் திறந்தார்கள். பொதுமக்கள் பார்வைக்காக உலகில் ஏற்பட்ட முதல் ஊர்வன மாளிகை அதுவே என்பர். எனினும் போர்வைச் சம்பிரதாயம் அங்கேயும் தொடர்ந்தது. திறந்த சில ஆண்டுகளுக்குள் போவா ஒன்று தன் கம்பளிப் போர்வையையே இரையென்று எண்ணி விழுங்கிவிட்டு, பல வாரங்கள் கழித்துக் கக்கிய செய்தி ஊரெங்கும் பேச்சாயிற்று. 1852 அக்டோபரில் நிகழ்ந்ததோ சிரிப்பதற்குரியதன்று. இரவெல்லாம் குடித்துவிட்டுக் காலையில் வேலைக்கு வந்த கெர்லிங் என்ற காவலர், தாம் பாம்பாட்டி என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டு கூண்டைத் திறந்து நாகத்தைக் கையில் எடுக்க, அது அவர் மூக்கில் தீண்டியது; வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் அன்றே உயிர் நீத்தார். கதவு என்பது பாம்பை உள்ளே வைப்பதற்கு மட்டுமல்லாமல் மனிதனை வெளியே வைப்பதற்கும் உரியது என்று கருதிக் கூண்டுகளை அமைக்கும் வழக்கம் பிற்காலத்தில்தான் வேரூன்றியது.

இதற்கெல்லாம் முன்பே, பாம்பின் வீட்டுக்கு எது அஸ்திவாரம் என்பதைப் பாரிஸ் நகரம் கண்டுகொண்டிருந்தது. மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிப் படுத்து அவற்றுக்கு உஷ்ணம் ஊட்டுகிறது என்று, இந்தியாவில் சஞ்சரித்துத் திரும்பிய லமார்பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னபோது, அங்குள்ள பண்டிதர்கள் அதை நம்பவில்லை. 1841இல் பாரிஸ் மிருகசாலையிலேயே இந்திய மலைப்பாம்பு ஒன்று முட்டையிட்டு அடைகாத்தது. வலென்சியென் என்ற விஞ்ஞானி அதன் மடிப்புகளுக்கிடையே வெப்பமானியை வைத்துப் பார்க்க, சுற்றியிருந்த காற்றைவிட அதன் உடம்பு கணிசமாகச் சூடேறியிருந்தது. பண்டிதர்கள் தோற்றார்கள், எனக்கோ அந்த வெப்பமானியே பெரிதாகத் தோன்றுகிறது. அடைகாக்கும் மலைப்பாம்பு ஓர் அபூர்வ விதிவிலக்கு. மற்றப்படி பாம்பு தன் உடம்பின் சூட்டை வெயிலிடமும், வெயில் காய்ந்த பாறையிடமும் கடன் வாங்குகிறது. மிஞ்சினால் நிழலுக்குப் போய்விடுகிறது. போதிய சூடு கிடைக்காவிட்டால் விழுங்கிய இரை ஜீரணமாகாமல் வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதைக் கக்கும், அல்லது மெலிந்து சாகும். ஆகவே அதன் வீட்டில் ஒரு மூலை வெதுவெதுப்பாகவும் மறு மூலை குளிர்ச்சியாகவும் இருந்தால் மட்டும் போதாது. இரண்டிற்குமிடையே தன்னிச்சையாகப் போய்வரவும் இடமிருக்கவேண்டும்.

இவ்வளவு தெளிவான விஷயம் கட்டிடமாக உருப்பெற இன்னும் எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 1883இல் லண்டனில் கட்டிய இரண்டாவது ஊர்வன மாளிகை விசாலமாக இருந்ததே தவிர, பார்வையாளரும் பாம்பும் ஒரே காற்றில், ஒரே வெளிச்சத்தில் இருந்தனர். (அந்தக் கட்டிடத்தைப் பின்னர்ப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள், இன்றும் அது பறவைகளுடையதே.) அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றியவர் ஜோன் புரோக்டர் என்ற பெண்மணி. சிறுமியாயிருந்தபோதே பல்லி, பாம்புகளை வளர்த்து, பள்ளிக்கூடத்துக்கு முதலைக் குட்டியொன்றைக் கொண்டுபோய் ஆசிரியையைத் திகைக்கவைத்த இவர், ஓயாத நோயினால் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போகவியலாமல், பிரிட்டிஷ் மியூசியத்தில் பூலஞ்சர் என்ற பேரறிஞரிடம் நேரே தொழில் கற்று, 1923இல் லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பகுதிக்குத் தலைவரானார். அவர் திட்டமிட்டு, கை டாபர் என்ற கட்டிடக் கலைஞர் உதவியோடு 1927இல் திறந்த மாளிகையில், நடைக்கூடம் மங்கலாகவும் கூண்டுகளின் உட்புறம் பிரகாசமாகவும் இருக்க, பார்வையாளர் இருளில் நின்று ஒளியில் கிடக்கும் பாம்பைப் பார்த்தனர். ஒவ்வொரு கூண்டுக்கும் மின்சாரத்தினால் தனித்தனியே வெப்பமூட்டியதோடு, கூண்டுக்குள்ளேயே சூடான இடம் வேறு, சூடற்ற இடம் வேறு என்று பகுத்துவைத்தார். சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் விசேஷக் கண்ணாடியையும் பயன்படுத்தினார். தம்முடைய நோயின் வேதனையால் நடப்பதற்கே அவதிப்பட்ட அப்பெண்மணி, கொமோடோ டிராகன் என்ற பெரும்பல்லியைத் தடவிக்கொடுத்துக்கொண்டு அதனோடு உலாவுவதைக் கண்டு லண்டன் ஜனங்கள் வியந்தனர். 1931இல், முப்பத்து நான்காம் வயதில், அவர் காலமானார். 1939இல் யுத்தம் மூண்டபோது, குண்டு விழுந்து கண்ணாடி உடைந்தால் ஊருக்குள் விஷப்பாம்பு புகுமே என்று அஞ்சி, அவர் அமைத்த மாளிகையிலிருந்த நச்சுப் பாம்புகளைக் கொன்றுவிட்டார்கள்.

நம் நாட்டில் இந்தச் சரித்திரம் வேறு பாதையில் நடந்தது. செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் என்ற பழங்குடியினர் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்திருக்க, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவைத்தன. சென்னை கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர் முதலியோரின் முயற்சியினால், 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் அச்சங்கத்தார் நல்லபாம்பையும் விரியன்களையும் வைப்பதற்குக் கண்ணாடி மாளிகை எதையும் தேடவில்லை. மணல் பரப்பிய மண்பானைக்குள் பாம்பை விட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். சுமார் மூன்று வாரங்களுக்குள் சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். இருட்டு, குளிர்ச்சி, நெருக்கமான சுவர், தப்பமுடியாத மூடி ஆகிய நான்கும் அந்தப் பானையில் உண்டு. பாம்பின் மனத்தை அறிந்தவர் செய்த காரியம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது விருந்தாளிக்கு உரிய இடமேயன்றி, ஆயுள் முழுவதும் தங்குவதற்கு உரியதன்று.

இன்று மேனாடுகளில் வரவேற்பறையிலேயே பாம்பு வளர்ப்போர் ஏராளம். புதிதாக வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் விரும்பும் ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் (Ball Python) என்ற மலைப்பாம்புக்கு வெப்ப மூலையில் 31, 32 டிகிரியும், குளிர்ந்த மூலையில் 25, 26 டிகிரியும் இருக்கவேண்டும். இரு மூலைகளிலும் அது நுழைந்து சுருண்டால் உடம்பு சுவரைத் தொடும் அளவுக்குச் சிறிய மறைவிடம் ஒவ்வொன்று வேண்டும். முழு உடம்பையும் நனைத்துக்கொள்ளத் தண்ணீர்த் தட்டும், கொக்கி போட்ட மூடியும் வேண்டும். சூடேற்றும் வெப்பப் பாயை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்தால், அடிவயிறு வெந்துபோவதைக்கூட உணராமல் பாம்பு அதன்மேல் கிடக்கும்.

நம் நாட்டில் நல்லபாம்பையோ, சாரையையோ, மலைப்பாம்பையோ, சட்டம் பாதுகாக்கும் வேறு எந்த உள்நாட்டுப் பாம்பையோ வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். சர்வதேச ஒப்பந்தப் பட்டியல்களில் இடம்பெற்ற அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். அவ்வாறு முறைப்படி ஒரு பாம்பைப் பெறப்போகும் வாசகர், அதைக் கொண்டுவந்த பிறகு கூண்டைத் தேடி அலையாமல், முன்னதாகவே கூண்டை அமைத்து, இரு மூலைகளிலும் வெப்பமானி வைத்து, வெறுங்கூண்டிலேயே சில நாட்கள் இரவும் பகலும் வெப்பத்தைக் கவனித்து, அது நிலைபெற்ற பின்னரே பாம்பை உள்ளே விடுவாராக.