அத்தை கண்டுபிடித்த களப்பலி

எட்டாம் ராத்திரியோ ஒன்பதாம் ராத்திரியோ அத்தை கண்டுபிடித்துவிட்டாள். ஆடிக்கொண்டிருந்த எனக்கு அப்போதும் தெரியவில்லை.

அண்ணன் மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது வீட்டில் விட்டுவிட்டுப் போன பிளேஸ்டேஷன் அது. மே மாத விடுமுறை. கள்ளக்குறிச்சி வெயில் ராத்திரி பத்து மணிக்கும் சுவரைவிட்டு இறங்காது. ‘ஃபைனல் ஃபேண்டசி 10’ என்ற ஜப்பானிய ஆட்டத்தை நான் ஆட, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி அத்தை திரையைப் பார்ப்பாள். பாத்திரங்கள் ஆங்கிலத்தில் பேசப் பேச நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். யூனா என்ற பதினேழு வயதுப் பெண் கோயில் கோயிலாக யாத்திரை போகிறாள். ‘சின்’ என்ற மாபெரும் கடல் பூதம் ஊர் ஊராக அழிக்கிறது. அதை அடக்கும் சக்தியைக் கடைசிக் கோயிலில் பெற்றுவர வேண்டும். துணைக்குக் காவலர்கள் இருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் சனங்கள் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்கிறார்கள்.

“எதுக்கு பாப்பா இவளுக்கு இம்மாம் மரியாத?” என்றாள் அத்தை.

“சாமி காரியமா போறா அத்த.”

“ம்ஹும். வயசுப் பொண்ண ஊரே கும்புட்டா அது நல்லதுக்கில்ல. பலி குடுக்கப் போறாங்க. அரவானுக்கு இப்பிடித்தான் செய்வாங்க.”

நான் சிரித்தேன். இன்னும் பல ராத்திரிகள் கழித்து, பாலைவனத்தில் ஆல்பெட் மக்களின் குடியிருப்பு பற்றியெரியும் கட்டத்தில்தான், டீடஸ் என்ற நாயகனுக்கு விஷயம் தெரிகிறது. கடைசிக் கோயிலில் அந்தச் சக்தியை அழைக்கிறவள் பூதத்தை அடக்கிவிட்டுத் தானும் செத்துப்போவாள். யூனாவுக்கு அது முதலிலிருந்தே தெரியும். கூட நடந்த காவலர்களுக்குத் தெரியும். வழியில் கும்பிட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும். வேற்றுலகத்திலிருந்து வந்து விழுந்த அவனுக்கும், சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த எனக்கும் மட்டும்தான் தெரியாது. ‘எல்லாம் முடிந்ததும் ஊர் சுற்றப் போகலாம்’ என்று அவன் சொன்னபோதெல்லாம் மற்றவர்கள் ஏன் பேசாமல் நின்றார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வேடமேற்று ஆடும் இந்த வகை விளையாட்டுக்கு எழுதப்பட்ட வரலாறு 1974இல் அமெரிக்காவில் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டிலிருந்து தொடங்கும். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். ஒருவர் கதை சொல்வார். 1981இல் ‘விசர்ட்ரி’யும் ‘அல்டிமா’வும் அதைக் கணினிக்குக் கொண்டுபோயின. அவற்றை ஆடி மயங்கிய ஹோரி யூஜி 1986இல் ‘டிராகன் க்வெஸ்ட்’டை உருவாக்கினார். அடுத்த ஆண்டே சகாகுச்சி ஹிரோனோபுவின் ‘ஃபைனல் ஃபேண்டசி’ வந்தது. இரண்டிலும் மீட்கப்பட வேண்டிய இளவரசி ஒருத்தி உண்டு. 1997இல் வெளிவந்த ஏழாம் பாகத்தில் ஏரித் என்ற பூ விற்கும் பெண் பாதிக் கதையில் வாளால் குத்திக் கொல்லப்படுகிறாள். உலகம் முழுக்கப் பையன்கள் அழுதார்கள். அந்த அழுகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மீட்கப்படுவதற்கோ, செத்து நாயகனை முன்னே தள்ளுவதற்கோ ஒரு பெண் என்ற ஏற்பாடு அதுவரை பெரிதாகக் குலையவில்லை. 2001 ஜூலையில் வந்த பத்தாம் பாகத்தில் சாகப்போகிறவளே யாத்திரையை நடத்துகிறாள். கதைசொல்லியாகிய ஆண் அவளுக்குக் காவல்.

ஜப்பானிய ஆட்டங்கள் மீது மேலை விமர்சகர்கள் பலர் வைக்கும் குறை ஒன்றுண்டு. ஆடுகிறவருக்குத் தேர்வு இல்லை. கதை ஒரே பாதையில் போகிறது. முடிவை மாற்ற முடியாது. பிறகு அதை வேடமேற்பு என்று எப்படிச் சொல்வது? கூத்துப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வி விநோதமாகத்தான் இருக்கும். அரவான் களப்பலிக் கூத்தில் அரவான் வேடம் கட்டுகிறவர் ‘இன்றைக்குச் சாகப் போவதில்லை’ என்று முடிவு செய்ய முடியாது. பார்க்க வந்த கிழவிக்கும் முடிவு தெரியும். தெரிந்தேதான் விடிய விடியக் குந்தியிருக்கிறாள். நம்மிடம் வேடம் கட்டுவது என்றால் முடிவைத் தேர்வது அல்ல. முடிவுவரை அந்த உடம்பைச் சுமப்பது.

ஆனால் யார் சுமப்பது? எங்கள் வடபகுதிக் கூத்தில் திரௌபதியும் ஆண், பொன்னுருவியும் ஆண், மோகினியும் ஆண். கட்டியக்காரன் எப்போதுமே ஆண். பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து அழ மட்டும் உரிமை பெற்றவர்கள். காஞ்சிபுரத்துப் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் அடவு கற்று ஆண் வேடம் கட்டியதெல்லாம் மிகப் பிந்திய செய்தி. தொண்ணூறுகளில் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள். அண்ணனைக் கூப்பிட்டுவர என்னை அனுப்புவார்கள். நான் வாசற்படியில் நின்று கூப்பிட வேண்டும். உள்ளே வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, முனைவர் பட்டம் வாங்கி, நாற்பத்தைந்து வயதில் நான் அந்தக் கருவியைக் கையில் எடுத்தேன். அத்தைக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே ஆடியபோது, கேட்காமலே கட்டியக்காரன் வேடமும் எனக்கு வந்து சேர்ந்தது.

சமஸ்கிருத பாரதத்தில் இராவான் எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான். அவ்வளவுதான். அவன் பலியாவது தமிழில்தான். ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே களப்பலி வந்துவிடுகிறது. பிறகு வில்லிபுத்தூராரும் சொல்கிறார். இருவரிடமும் இல்லாத ஒன்று, இன்றைக்கு அரவான் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற அந்தக் கல்யாணம். நாளை சாகப்போகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை, கிருஷ்ணனே மோகினியாகி ஒரு ராத்திரி மனைவியாக இருந்து விடிந்ததும் தாலியறுத்தான் என்பதைப் புலவர்கள் எழுதவில்லை. ஆடியவர்கள் சேர்த்தார்கள். முடிவை மாற்ற முடியாதவர்கள், முடிவுக்கு முந்தின ராத்திரியை அகலப்படுத்தினார்கள்.

அப்படி அகலமான இடத்தில்தான் திருநங்கைகள் வந்து நின்றார்கள். உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகம், 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரத்திலிருந்து எங்கள் பக்கம் வந்தது. சித்திரையில் பதினெட்டு நாள் திருவிழா. பௌர்ணமி ராத்திரி பூசாரி கையால் கூத்தாண்டவர் பேரில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர். பந்தலடியில் வளையல் உடைத்து, தாலி அறுத்து, வெள்ளைப் புடவை மாற்றுகிறார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் நேர்ந்துகொண்ட ஆண்களும் தாலி கட்டிக்கொள்வது பழைய வழக்கம் என்பதைத் தொலைக்காட்சிகள் காட்டுவதில்லை. அங்கே கேட்கிற அழுகை அரவானுக்கானது மட்டும் அல்ல. வீட்டைவிட்டு விரட்டிய அப்பனுக்கும், பார்க்க முடியாமல் போன அம்மாவுக்கும் அங்கேதான் ஒப்பாரி. இந்தக் கதையிலிருந்தே ‘அரவாணி’ என்ற பெயர் வந்தது. 2008இல் தமிழக அரசு அமைத்த நலவாரியமும் முதலில் அந்தப் பெயரில்தான் இயங்கியது. ஒரு வேடம் அரசாணைவரை நடந்துபோன வரலாறு இது. முடிவு எழுதப்பட்ட ஆட்டத்தில் ஆடுகிறவர்களுக்கு வேலையே இல்லை என்று சொல்கிறவர்கள் ஒரு சித்திரையில் அங்கே வந்து பார்க்கலாம்.

அத்தை பிறந்து வளர்ந்தது கூவாகத்துக்கு இரண்டு ஊர் தள்ளி. பத்தொன்பது வயதில் அவள் புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போனார். அவளுக்குத் தாலியறுப்பு வேடமாக இல்லை. “அவங்க மறுவருசம் திருப்பியும் மஞ்சக்கயிறு கட்டிக்குவாங்க பாப்பா. பாக்க நல்லாத்தான் இருக்கும்” என்று ஒருமுறை சொன்னாள். அதில் பொறாமை இருந்ததா என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். ஆட ஆட எனக்கு உறுத்தத் தொடங்கிய விஷயம் வேறு. யூனாவின் அப்பாவுக்குப் பெயர் உண்டு, பிராஸ்கா. டீடஸின் அப்பா ஜெக்ட். அவர்களின் பழைய காவலன் ஆரன். மூன்று ஆண்களின் நட்பை ஆட்டம் பழைய பதிவுகளாக வழியெல்லாம் சிதறி வைத்திருக்கிறது. பொறுக்கிப் பொறுக்கிப் பார்க்கலாம். யூனாவின் அம்மாவுக்குப் பெயர் இல்லை. டீடஸின் அம்மாவுக்கும் இல்லை. சேமோர் என்ற வில்லனின் அம்மா மகனுக்காகத் தன்னையே பலியாக்கிக்கொண்டு ‘அனிமா’ என்ற சங்கிலி பூட்டிய பூதமாகிறாள். பூதத்துக்குத்தான் பெயர், மனுஷிக்கு இல்லை. இவ்வளவு நுணுக்கமாக ஓர் உலகத்தைக் கட்டியவர்களுக்கு மூன்று அம்மாக்களுக்குப் பெயர் வைக்க நேரமில்லாமல் போயிருக்கிறது.

எங்கள் மலையிலும் இதே கதைதான். கல்வராயன் மலையின் மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. ஏட்டில் ஏறியதைவிட வாயில் இருந்த வரலாறுதான் அதிகம். சவ்வாது மலையில் வழங்கிய ஒரு வடிவத்தை எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுப்பில் படிக்கலாம். வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, மறுக்கப்பட்டு, ஏழு பெண்களைத் தூக்கிப் போகிறார்கள். மீட்கப் போகும் ஏழு ஆண்கள் ஏழு நாய்களைக் கூட்டிக்கொண்டு, ‘நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்ததாகக் கருதிக் காரியம் செய்துவிடுங்கள்’ என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதியில் திரும்பிவிடுகின்றன. மனைவிகள் விதவைகளாகிறார்கள். ஆண்கள் வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் வந்து பார்த்தால் தங்களுக்குக் காரியம் முடிந்திருக்கிறது. செத்தவர்களுக்குச் சாதியில் இடமில்லை. வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி எழுந்து, “அந்த ஏழு பொண்ணுங்க என்ன ஆனாங்க மிஸ்?” என்று கேட்டாள். அவர்களுக்காகத்தானே பயணமே. மீட்டார்களா, மீட்டு எங்கே விட்டார்கள், கதையில் இல்லை. புருஷன் உயிரோடு வாசலில் நிற்க, சடங்கு முடிந்துவிட்ட ஒரே காரணத்துக்காக விதவைகளாகவே இருந்துவிட்ட ஏழு பேரும் அடுத்த வரியில் இல்லை. ஆண்கள் செத்தும் ஒரு மலைக்கு மூதாதைகள் ஆகிறார்கள். பதினான்கு பெண்களுக்குக் கதையில் மறுபேச்சில்லை.

யூனாவின் யாத்திரை முடியும் இடத்தில், பாழடைந்த நகரத்தில், யுனலெஸ்கா நிற்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முன் முதன்முதலில் பூதத்தை அடக்கியவள். செத்தும் போகாமல் இந்த வழக்கத்தைக் காத்துவருகிறவள். காவலர்களில் ஒருவரைத் தேர்ந்துகொடு, அவரை இறுதிச் சக்தியாக மாற்றித் தருகிறேன் என்கிறாள். அன்பின் பிணைப்பு இருந்தால்தான் அது பலிக்கும். அவளுக்கு அவள் புருஷன் ஸாவோன். அந்தச் சக்தி பூதத்தைக் கொன்று, அழைத்தவளையும் கொன்று, பிறகு தானே அடுத்த பூதமாகும். பத்து வருஷமோ என்னவோ அமைதி. மறுபடி ஒரு பெண்ணுக்கோ ஆணுக்கோ ஊரார் கும்பிடு. எதுவும் தீர்வதில்லை என்று அவளுக்குத் தெரியும். சனங்களுக்கு நம்பிக்கை வேண்டுமே என்று அமைதியாகச் சொல்கிறாள்.

“எங்கம்மா மாதிரியே பேசறா” என்றாள் அத்தை.

நான் ஆட்டத்தை நிறுத்தினேன்.

“என் வளையல ஒடச்சதே எங்கம்மாதான். சத்தம் போட்டு ஒடைக்கல. மெதுவாத்தான் பேசுனா. ஊருன்னு ஒண்ணு இருக்குல்லம்மான்னா.”

என் பாட்டியைப் பற்றி இந்தச் செய்தியை அதுவரை நான் கேட்டதில்லை. எனக்குக் கதை சொல்லித் தமிழ் ஊட்டிய பாட்டி. என் முனைவர் பட்ட ஆய்வின் நன்றியுரையில் முதல் பெயர் அவளுடையது.

யூனா மறுக்கிறாள். அப்பா எதற்காகச் செத்தாரோ அதையே பொய் என்று சொல்லி மறுக்கிறாள். மறுப்பதோடு முடியவில்லை, யுனலெஸ்காவோடு சண்டை போட்டாக வேண்டும், அதை ஆடுகிறவர்தான் போட வேண்டும். நான் நான்கு முறை தோற்றேன். கடைசிக் கட்டத்தில் அவள் வீசும் ஒரு மந்திரம் உயிரோடிருக்கும் எல்லோரையும் ஒரே அடியில் கொல்லும். ஏற்கெனவே அவளால் நடைப்பிணமாக்கப்பட்டவர்களை மட்டும் ஒன்றும் செய்யாது. நான் நல்லது செய்வதாக நினைத்து எல்லோரையும் குணமாக்கிக் குணமாக்கி வைத்திருந்தேன். அத்தனை பேரும் விழுந்தார்கள். அந்த வீட்டில் பிணமாக இருக்கச் சம்மதித்தவர்கள்தான் பிழைக்கிறார்கள் என்று புரிந்த பிறகு ஐந்தாம் முறை ஜெயித்தேன். மணி இரண்டரை. அத்தை தூங்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். பலி இல்லாமலே பூதம் அழிகிறது. கனவால் ஆனவன் என்பதால் டீடஸ் கரைந்துபோகிறான். ஓடிப்போய் அணைக்கிற யூனா அவன் ஊடாகவே விழுகிறாள். ஜப்பானிய மூலத்தில் அவன் பெயர் டீடா. ஒகினாவா மொழியில் சூரியன். தாலி கட்டாத விதவையாக அவள் கடலைப் பார்த்து விசில் அடிக்கிறாள்.

இதன் தொடர்ச்சி 2003இல் வந்தது, அதே தகட்டிலேயே இருக்கிறது. காவலர் கூட்டம் கிடையாது. யூனா, ரிக்கு, பெயின் என்று மூன்றே பெண்கள். யூனா நீளக்கைச் சட்டையை எல்லாம் கழற்றிவிட்டுக் குட்டைக் காற்சட்டையும் இரண்டு துப்பாக்கியுமாக வருகிறாள். ஆண்களின் கண்ணுக்கு உடுத்திய உடை என்று அதன்மேல் ஒரு கோபம் எனக்கு இருந்தது, இன்னமும் இருக்கிறது. மறுநாள் ராத்திரி அதைப் போட்டபோது அந்தக் கோபத்தோடு அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். “இவதானே அவ? அவன் போனப்புறமா இப்பிடியா உடுத்தியிருக்கா?”

“ஆமா அத்த.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சத்தத்தக் கூட்டி வையி” என்றாள்.