வெளிநாட்டவரின் உள்ளூர்க் கணக்கு: பாம்பாறு அணை முகாமை முன்வைத்துச் சில குறிப்புகள்

வங்கிக் கணக்கு தொடங்கும் படிவத்தை நாம் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம், உட்கார்ந்து வாசிப்பதில்லை. அரசு ஒரு மனிதரை நிறுத்தி வைத்து என்னென்ன கேட்க விரும்புகிறதோ அத்தனையும் அந்த நாலு பக்கத்துக்குள் இருக்கிறது. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொழில், தேசியம். ஊத்தங்கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் ‘தேசியம்’ என்ற கட்டம் வெகுகாலம் கண்ணில் பட்டதே கிடையாது. கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டுப் போகும். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுபோகிறவர்கள் இதே ஊருக்குப் பக்கத்தில், பாம்பாறு அணைக்கட்டு முகாமில் இருக்கிறார்கள். சட்டத்தின் கணக்கில் அவர்கள் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் என்ற இந்தச் சொல்லுக்குப் பணத்தைப் பற்றிய சட்டம் ஒரு பொருளும் ஆளைப் பற்றிய சட்டம் வேறொரு பொருளும் சொல்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு சமூகம் நாற்பது ஆண்டாகக் குடியிருக்கிறது.

முதலில் அசல் வெளிநாட்டவரை, அதாவது சுற்றுலாப் பயணியை எடுத்துக்கொள்வோம். 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் இடத்துக்கு 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2000 ஜூன் 1. அதன் கீழுள்ள வைப்புத்தொகை விதிகளின்படி, இந்தியாவைப் பார்க்க வருகிற வெளிநாட்டவர் இங்குள்ள வங்கியில் என்.ஆர்.ஓ. கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். கணக்கில் போடும் பணம் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்ததாகவோ, அவர் கொண்டுவந்த அந்நியச் செலாவணியை இங்கே விற்றுப் பெற்றதாகவோ இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகும்போது மிச்சத்தை அப்படியே எடுத்துப் போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வட்டியைத் தவிர உள்ளூர்ப் பணம் எதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கக் கூடாது.

இந்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். வந்தவர் இந்த மண்ணில் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காதவரை அவர் மிக மரியாதைக்குரிய வெளிநாட்டவர். இப்போது அவருக்குக் கணக்குகூட அவசியமில்லை. 2023-இல் ஜி-20 நாட்டுப் பயணிகளுக்காகப் பெங்களூர் உள்ளிட்ட விமான நிலையங்களில் யு.பி.ஐ. பணப்பையைக் கையில் கொடுத்தார்கள். ஓசூர்த் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வருகிற பொறியாளர் இறங்குவதும் அதே பெங்களூரில்தான். அந்த ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையிலும் ஒரு முகாம் உண்டு. அங்கிருக்கும் வெளிநாட்டவருக்கு வரவேற்பு மேசை எதுவும் போடப்பட்டதில்லை.

1983 ஜூலைக்கும் 2012 ஆகஸ்டுக்கும் இடையில் தமிழகம் வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறையின் கணக்கு. பலர் திரும்பிப் போனார்கள், பலர் மேற்கே போனார்கள். 2021-இல் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியில் குடியிருப்பவர் 34,087 பேர். அப்போதுதான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று பணக்கொடையும் உயர்ந்தது. உயர்த்தியது நல்லதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெயரை மாற்றிய அரசாலும் தேசியம் என்ற கட்டத்தை மாற்ற முடியாது. அந்த அதிகாரம் தில்லியில் இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் கிடையாது. ஆக, பாம்பாறு அணையோரம் தகரக் கூரையின் கீழ் இருப்பவரும் தாஜ்மகாலைப் படமெடுக்க வந்தவரும் 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் முன் ஒரே இனமாக இருந்தார்கள். இருவருக்குமான வித்தியாசம் பாஸ்போர்ட்.

வங்கிக்கு முன்னால் இவர்களுடைய பணம் எங்கே இருந்தது என்பது எழுதப்படாத வரலாறு. தோட்டையும் சங்கிலியையும் வாங்கிக்கொண்ட அடகுக்கடைதான் முதல் வங்கி. அங்கே தேசியம் கேட்பதில்லை, உரைகல்லில் உரசிப் பார்ப்பதோடு சரி. அடுத்தது முகாமுக்குள் பெண்கள் நடத்திய சீட்டு. மூன்றாவது, கனடாவிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் சொந்தக்காரர் அனுப்பும் பணம் வந்த ‘உண்டியல்’. நமக்கு உண்டியல் என்றால் கோயில் உண்டியல். அவர்களுக்கு அது கடல் தாண்டிப் பணம் வருகிற வழி. நகரத்தார்கள் பர்மாவுக்கும் சிலோனுக்கும் ஓட்டிய பழைய உண்டியின் நிழல் அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது.

வங்கியில் அன்று ஆவணத்தைவிட ஆள் முக்கியம். ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். 1991 மே 21-க்குப் பிறகு தமிழ்நாட்டில் எத்தனை பேர் ஓர் ஈழத்தமிழரை ‘எனக்குத் தெரியும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார்கள்? வீடு கொடுக்கவே யோசித்த காலம் அது. முகாமைக் கண்காணித்தது கியூ பிரிவு. இரவு வெளியில் தங்கவும் அனுமதி வாங்க வேண்டும். அறிமுகம் என்ற எளிய சடங்கு ஒரே நாளில் அரசியல் ஆபத்தாக மாறிப்போனது. அதனால் வெளிநாட்டுப் பணம் வந்தாலும் உள்ளூர்க்காரர் ஒருவரின் கணக்கில்தான் வந்து விழுந்தது. அவர் நல்லவராக இருந்தால் முழுசாகக் கைக்கு வரும், இல்லையென்றால் முறையிட எந்த ஆபீசும் கிடையாது.

அறிமுகக் கையெழுத்தின் இடத்தைப் படிப்படியாக ஆவணம் பிடித்தது. 2002-இல் ரிசர்வ் வங்கி ‘வாடிக்கையாளரை அறிந்துகொள்’ நெறிகளைக் கொண்டுவந்தது. பணமோசடித் தடுப்புச் சட்டம் 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபின் உலகெங்கும் பணத்தின் ஊற்றைத் தேடத் தொடங்கிய அரசுகளின் கண் ஊத்தங்கரைக் கவுன்டர் வரை நீண்டது. 2010 டிசம்பரில் ஆவணமற்ற ஏழைகளுக்கென்று ‘சிறு கணக்கு’ வந்தது. வங்கி அதிகாரியின் முன்னால் கையெழுத்து அல்லது கைரேகை, ஒரு போட்டோ, அவ்வளவே. ஆண்டு வரவு ஒரு லட்சத்துக்கு மேல் போகக் கூடாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்கக் கூடாது. இன்னொன்று: அடையாளம் முழுமையாக உறுதிப்படும்வரை வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அதில் வரவு வைக்கக் கூடாது.

அது வந்த ஓரிரு ஆண்டில், எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த நான் ஊர்க்காரர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முகாமைச் சேர்ந்த ஓர் அக்காவோடு ஒரு வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம், எல்லா வங்கியும் அன்று அப்படித்தான். கையில் முகாம் அடையாள அட்டை மட்டும் இருந்தது. அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஃபாரினர்னா பாஸ்போர்ட், விசா வேணும் சார். அது இல்லாம கம்ப்யூட்டர்ல அடுத்த பக்கமே போகாது.” அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, ஷெல் விழேக்க பாஸ்போட் எடுத்துக்கொண்டே ஓடி வந்தனாங்கள்?” கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மேலாளர் கொஞ்சம் மனசுள்ள ஆள். சிறு கணக்கு விதியை எடுத்துப் பார்த்துத் திறந்து கொடுத்துவிட்டார். பாஸ் புத்தகத்தை வாங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, கனடாவில் இருக்கும் தங்கச்சி இதற்கு நேராகக் காசு போடலாமா என்பது. “வெளிநாட்டுப் பணம் இதுல விழாதும்மா” என்றார் மேலாளர்.

இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயணியின் கணக்கில் உள்ளூர்ப் பணம் சேரக் கூடாது. ஏழையின் கணக்கில் வெளிநாட்டுப் பணம் சேரக் கூடாது. முகாமில் இருப்பவரின் குடும்பமோ இரண்டாலும் பிழைக்கிறது. வீட்டுக்காரர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார், கூடப்பிறந்தவள் டொராண்டோவிலிருந்து அனுப்புகிறாள். வரலாறு அவர்களை இரண்டு நாடுகளுக்குப் பிரித்துப் போட்டது. வங்கி விதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஆதார் வந்தபின் இந்தச் சிக்கல் பெருமளவு தளர்ந்துவிட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆதார் குடியுரிமை கேட்பதில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இங்கே வசித்திருந்தால் போதும். 182 நாள் என்ன, 12,000 நாள் வசித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இந்த 182 என்ற எண் செலாவணிச் சட்டத்திலும் வருகிறது, அங்கேதான் விஷயமே இருக்கிறது. ‘இந்தியாவில் வசிப்பவர்’ யார் என்பதற்கு அச்சட்டம் குடியுரிமையை அளவுகோலாக வைக்கவில்லை. முந்தைய நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வந்திருக்க வேண்டும், அல்லது நிச்சயமற்ற காலத்துக்குத் தங்கும் எண்ணம் சூழ்நிலையிலிருந்து தெரிய வேண்டும். நிச்சயமற்ற காலம்! அகதி வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணத்தை எந்த அகதிச் சட்டமும் எழுதியிருக்க முடியாது. முகாம்வாசியின் துயரம் எதுவோ அதையே தகுதியாகக் கொண்டு பணச் சட்டம் அவரை ‘வசிப்பவர்’ ஆக்குகிறது. ஆள் சட்டம் அதே காலத்தைக் குற்றமாக எண்ணுகிறது: 2003 திருத்தத்துக்குப்பின் செல்லுபடியாகும் ஆவணமின்றி உள்ளே வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’, பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ அவர் குடியுரிமை கேட்க முடியாது. ஒரே உடல், ஒரே முகவரி. வங்கிக் கணினியில் உள்நாட்டார், காவல் நிலையப் பதிவேட்டில் வெளிநாட்டார். மூலதனத்துக்குக் குடிமகன் தேவையில்லை, வைப்பாளர் போதும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை என்பதற்கு அடுத்த விதி சாட்சி.

2018 நவம்பரில் வைப்புத்தொகை விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களில் இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவச் சிறுபான்மையினர் நீண்டகால விசாவில் இங்கே வசித்தால் ஒரே ஒரு என்.ஆர்.ஓ. கணக்கு தொடங்கலாம். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது நாம் தெருவில் நின்று எதிர்த்த அதே ஆறு பெயர்ப் பட்டியல், ஓராண்டுக்கு முன்பே வங்கி விதிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பட்டியலிலும் இலங்கை இல்லை. நம்முடைய விமர்சகர்கள் மசோதாவை வாசிக்கிறார்கள். கணக்குப் படிவத்தின் பின்பக்கத்தையும் வாசித்தாக வேண்டிய காலம் இது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் நம்மிடமே உண்டு. 1964 அக்டோபர் 30 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 9,75,000 பேரைக் கூறுபோட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கொடிய ஒப்பந்தத்தில்கூடப் பணத்தைப் பற்றிய பேச்சு இருந்தது: சேமநிதி, பணிக்கொடை உட்படச் சொத்தை எடுத்துவரலாம், ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது. அப்படி வந்தவர்களுக்கும் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குமாக 1969-இல், வங்கிகள் தேசியமயமான அதே ஆண்டில், ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. ‘தாயகம் திரும்பியோர்’ என்ற ஒரு சொல் ஒரு வங்கியையே உண்டாக்கியது.

இப்போது முகாம்களில் கணிசமானோர் இதே மலையக மக்கள். ஒரே லயத்தில் இருந்த அண்ணன் ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டோடு கப்பலேறித் தாயகம் திரும்பியவர் ஆனார். தங்கிவிட்ட தம்பி கலவரத்துக்குத் தப்பிப் படகேறி வந்து வெளிநாட்டவர் ஆனார். கங்காணிகள் சிலோனுக்கு ஆள்பிடித்த மாவட்டங்களில் பழைய சேலமும் ஒன்று. ஊத்தங்கரை அன்று சேலம் ஜில்லாவின் தாலுகா. பாட்டன் புறப்பட்ட ஊரின் வங்கியிலேயே பேரன் வெளிநாட்டவராக நிற்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மதுரைக் கிளை நீதிமன்றம் 2019 ஜூனில் இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில் அவர்களுடைய வம்சாவளியைப் பரிவோடு பேசியது. முடிவெடுக்கும் பொறுப்பை மத்திய அரசிடமே விட்டது.

2025 செப்டம்பர் 1-இல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்து 1946 சட்டம் ஒழிந்தது. கூடவே வந்த விலக்களிப்பு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துள்ள இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்களித்தது. பாஸ்போர்ட் இல்லாததற்காக இனித் தண்டிக்க முடியாது. குடியுரிமையை அந்த ஆணை தரவில்லை.

நண்பர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. 1986 திருத்தம் நடைமுறைக்கு வந்த 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். கதவைச் சாத்திய அந்தத் திருத்தத்தின் நோக்கவுரையிலேயே இலங்கையின் பெயர் இருந்தது என்பது தனிக்கதை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்த விதியைக் காட்டி 2022-இல் உயர் நீதிமன்றத்தில் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார். 2024 ஏப்ரலில் ஓட்டும் போட்டார். 1983-க்கும் 1987 ஜூனுக்கும் இடையில் தமிழ்நாட்டில் பிறந்து இன்னும் முகாம் பதிவேட்டில் வெளிநாட்டவராக இருப்பவர்கள் அவர் ஒருவராக மட்டும் இருக்க முடியாது. ஊர் ஊராக, பாம்பாறு, கெலவரப்பள்ளி தொடங்கி, பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு எதுவானாலும் சரி. தேதி அதற்கு முன்னால் இருந்தால் தேசியம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.