வாசலில் நின்ற சோளப்பொரி

அரியணைகளும் போர்க்களங்களும் மட்டுமே வரலாறு என்று எண்ணிப் பழகிவிட்டோம். எளிய மக்கள் கையில் ஏந்தி உண்ட பண்டங்களுக்கும் வரலாறு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். அமெரிக்க நாட்டுத் திரையரங்குகளில் விற்கப்படும் சோளப்பொரி அத்தகைய பண்டங்களுள் ஒன்று. திரைப்படத்தையும் சோளப்பொரியையும் அந்நாட்டு மக்களால் இன்று பிரித்துப் பார்க்க இயலாது. நல்ல பொரி எந்த அரங்கில் கிடைக்கும் என்று தேடிச் செல்வோரும் அங்கே உண்டு. ஆயினும் ஒரு காலத்தில் அப்பொரி அரங்கின் வாசற்படியைத் தாண்ட முடியாமல் வெளியே நின்றது. அதை வெளியே நிறுத்தியவர் யார்? உள்ளே அழைத்தவர் யார்? அழைத்த பின்னர், அதைச் சுமந்து வந்தவர் என்ன ஆனார்? இவ்வினாக்களின் வழியே அப்பொரியின் கதையைச் சற்று நோக்குவோம்.

சோளப்பொரி மிகத் தொன்மையான உணவு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் வட கடற்கரையில் கிடைத்த மக்காச்சோளக் கதிர்களை ஆராய்ந்த அறிஞர்கள், ஏறத்தாழ 6,700 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தோர் பொரி உண்டனர் என்று 2012-ஆம் ஆண்டு அறிவித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் கம்பிக் கூடையில் சோளத்தை இட்டு, நெருப்பின்மேல் குலுக்கிப் பொரித்து விற்றனர். 1885-இல் சிகாகோ நகரில் தொழில் தொடங்கிய சார்லஸ் கிரெட்டர்ஸ் என்னும் தின்பண்ட வணிகர், நீராவியால் இயங்கும் பொரி இயந்திரத்தை உருவாக்கினார். எண்ணெயிலேயே சோளம் சீராகப் பொரிந்து, உப்பும் சுவையும் ஒட்டிக்கொள்ளும் அவ்வியந்திரத்தை 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மக்கள் கண்டனர். சக்கர வண்டியில் ஏற்றத்தக்கதாயிருந்ததால், கூட்டம் கூடும் இடமெங்கும் பொரி சென்றது. திருவிழா, விளையாட்டுத் திடல், வட்டரங்கக் கூடாரம் என எங்கும் அதன் மணம் வீசியது. திரையரங்குக்குள் மட்டும் அது நுழையவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. 1905-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஐந்து காசுக்குப் படம் காட்டும் சிறு கூடங்கள் தோன்றின. அடுத்த இருபது ஆண்டுகளில் அவை மாளிகைகளாக வளர்ந்தன. 1927-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட ராக்ஸி அரங்கில் ஏறத்தாழ 6,000 இருக்கைகள்! கம்பளம் விரித்த கூடங்களும் சரவிளக்குகளும் நாடக அரங்குகளுக்கு நிகராக மின்னின. இத்தகைய இடத்தில் தெருப் பண்டம் சிந்துவதை உரிமையாளர்கள் இழிவாகக் கருதினர். பேசாப் படத்தின் அமைதியில் பொரி மெல்லும் ஒலி இடையூறாகும் என்றும் அஞ்சினர். ஆகவே வண்டிக்காரர் வாசலுக்கு வெளியே நின்றார். மக்கள் அவரிடம் வாங்கி மேலாடைக்குள் மறைத்து எடுத்துச் சென்றனர். மேலாடையோடு பொரியையும் வாசலிலேயே ஒப்படைத்துச் செல்லுமாறு சில அரங்குகள் அறிவிப்பு வைத்தன.

1927-ஆம் ஆண்டு அக்டோபரில் பேசும் படம் வந்தது. ஒலி பெருகவே, மெல்லும் ஓசை ஒரு பொருட்டாகவில்லை. ஈராண்டுகளில் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1933-இல் உழைக்கும் மக்களுள் நால்வரில் ஒருவர் வேலையின்றித் தவித்தார். துயரை ஒரு மாலைப் பொழுதேனும் மறக்க விரும்பிய ஏழைக்குப் படமும், ஐந்து அல்லது பத்துக் காசுக்குக் கிடைத்த ஒரு பை பொரியுமே எட்டக்கூடிய இன்பங்களாயின.

இந்நிலையில்தான் அந்த வாசலில் நின்றவர்களை நாம் காண வேண்டும். மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் ஜூலியா பிரேடன் என்னும் கைம்பெண் இருந்தார். லின்வுட் அரங்கின் மேலாளரிடம் பேசி, முன்கூடத்திலேயே பொரிக்கடை வைக்க அனுமதி பெற்றார். 1931-க்குள் அரங்குகளின் உள்ளும் அருகிலுமாக நான்கு கடைகளுக்கு உரிமையாளரானார். ஆண்டு வருவாய் 14,400 டாலரைத் தாண்டியது. நாடே வறுமையில் வாடிய காலத்தில் இது பெருஞ்செல்வம்.

அதே ஆண்டுகளில் மெம்பிஸ் நகரில் கெம்மன்ஸ் வில்சன் என்னும் இளைஞன் வாழ்ந்தான். கைக்குழந்தையாயிருந்தபோதே தந்தையை இழந்தவன். தாயைக் காக்கும் பொறுப்பு அவன் தோளில் விழுந்தது. ஐம்பது டாலர் பெறுமான பொரி இயந்திரம் ஒன்றைக் கடனாகப் பெற்று, ஓர் அரங்கின் முன் நிறுத்தி விற்றான். வணிகம் செழித்தது. அவன் ஈட்டுவது தன் ஊதியத்தைவிட மிகுதி என்று மேலாளர் கண்டார். விளைவு என்ன? இளைஞன் வெளியேற்றப்பட்டான், பொரி விற்பனையை அரங்கே எடுத்துக்கொண்டது. இவ்வில்சனே பின்னாளில், 1952-இல், ஹாலிடே இன் விடுதிகளை நிறுவிப் புகழ் பெற்றார். ஆனால் அப்படி எழ இயலாமல், பெயரும் பதிவாகாமல் தெருவுக்குத் திரும்பிய வண்டிக்காரர் எத்தனை பேரோ!

கூடத்தில் இடம் தந்து வாடகை பெறுவதைவிடத் தாமே விற்பது ஆதாயம் என்பதை அரங்குகள் விரைவில் கற்றுக்கொண்டன. நுழைவுக் கட்டணத்தில் பெரும்பங்கு படத்தை வழங்குவோருக்குச் செல்ல, பொரியின் வருவாய் அரங்கிலேயே தங்கியது. தெருவில் நின்றவரை இழிவாகக் கண்ட மாளிகை, அவர் கைத்தொழிலால் உயிர் பிழைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், சர்க்கரைக்குப் பங்கீடு வந்து இனிப்புகள் அருகின. பொரியோ உள்நாட்டு வயல்களில் விளைந்தது. 1945-இல் அமெரிக்கர் உண்ட சோளப்பொரியில் பாதிக்கு மேல் திரையரங்குகளிலேயே உண்ணப்பட்டது.

நல்ல பொரி என்பது எது? சோள மணிக்குள் ஏறத்தாழ 14 விழுக்காடு ஈரம் இருக்க வேண்டும். சூடு 180 பாகை செல்சியசை எட்டும்போது அந்த ஈரம் நீராவியாகி, கடினமான தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. தோல் வெடித்து மலர்கிறது. ஈரம் குறைந்து உலர்ந்த மணி மலராமல் கல்லாகவே கிடக்கும். ஆதலால் சோளத்தைக் காற்றுப் புகாமல் காப்பவரும், காட்சிக்குச் சற்று முன்னர்ச் சிறிது சிறிதாகப் பொரிப்பவரும், உப்பை மாவெனப் பொடித்துத் தூவுபவருமே நல்ல பொரி தருவர். வேறெங்கோ பொரித்து மூட்டையில் வந்ததைச் சூடுகாட்டித் தருமிடத்தில் அச்சுவை இராது. நம் சமையலறையின் தேங்காய் எண்ணெயே அங்கும் பொரிக்கு மணம் தரும் எண்ணெயாய் நெடுங்காலம் விளங்கியது. 1994-இல் நுகர்வோர் நல அமைப்பொன்று அதிலுள்ள நிறைகொழுப்பின் அளவை வெளியிட்டபோது நாடே திகைத்தது. பல அரங்குகள் எண்ணெயை மாற்றின. சுவை குன்றியதென்று மக்கள் குறைகூற, சில அரங்குகள் பழைய எண்ணெய்க்கே திரும்பின.

விலையோ வேறு கதை. அமெரிக்க அரங்குகளின் மொத்த வருவாயில் தின்பண்டங்களின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடுதான்; ஆதாயத்திலோ 40 விழுக்காடு என்று 2009-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு கூறியது. பண்டத்தின் விலை உயர்ந்திருப்பதால்தான் நுழைவுச்சீட்டின் விலை தாழ்ந்திருக்கிறது என்பதும் அவ்வாய்வின் முடிவு. இதில் உண்மை உண்டு. பொரி வாங்க இயலாதவரும் படம் காண வழி பிறக்கிறது. எனினும், ஏழைக்கு எட்டியது என்பதாலேயே அரங்கைக் காத்த பண்டம், இன்று ஏழைக் குடும்பம் விலை கேட்டு விலகும் பண்டமாயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். காத்தவரை மறப்பது நிறுவனங்களுக்கு எளிதாக வந்துவிடுகிறது.

வரலாறு சில வேளைகளில் தன் பாடத்தைத் தானே மீண்டும் ஓதுகிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயால் அமெரிக்கத் திரையரங்குகள் மூடப்பட்டன. திரை இருண்டது, இருக்கைகள் வெறிச்சோடின. அப்போது சிற்றூர்களிலும் நகர்ப்புறங்களிலும் இருந்த சிறு அரங்குகள் பல, இயந்திரத்தை மட்டும் இயக்கி, வாசலில் நின்று பொரி விற்றன. ஊர் மக்கள் வாகனங்களில் வந்து, படமேதும் காணாமலே, தங்கள் அரங்கு நிலைக்கட்டும் என்று வாங்கிச் சென்றனர். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வண்டிக்காரரை நிறுத்திவைத்த அதே வாசற்படியில், அரங்கின் உரிமையாளரே பொரிப்பையை ஏந்தி நின்றார்.