ட்ரவுட்டும் காட்டுக்கோழியும்

பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில் ட்ரவுட் என்ற மீனை அச்சில் மட்டுமே சந்தித்தேன். ஐஸக் வால்ட்டன் 1653ல் வெளியிட்ட தூண்டில் நூலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியதும் உண்டு. அய்யலூர்க்காரனுக்கு மீன் என்றால் குளத்துக் கெண்டை, விரால், தூண்டிலுக்கு மண்புழு. முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோலாக்கி, ஓடும் நீரில் வீசி மீனை ஏமாற்றும் கலை எனக்கு வெறும் இலக்கியமாகவே இருந்தது.

அந்தக் கலைக்காக ஒரு மீனையே நம் மலைகளில் ஏற்றினார்கள். மதராஸ் ராணுவ மருத்துவர் பிரான்ஸிஸ் டே 1863ல் பழுப்பு ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். குளிர்ந்த ஓட்டநீரும் கூழாங்கல் படுகையும் இல்லாமல் பெருகாத இனம் அது. 1907ல் வில்ஸன் என்பவரின் முயற்சியில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. ஆனால் நீலகிரியில் நிலைத்தது பழுப்பு ட்ரவுட் அல்ல, பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் ட்ரவுட். பழுப்பு ட்ரவுட் 1900ல் போய்ச் சேர்ந்த காஷ்மீரில் பிழைத்துக்கொண்டது.

இவ்வளவும் வரவு. நம் விமர்சனத்திலும் ‘இறக்குமதி’ என்ற வசை சுலபமாக வந்துவிடுகிறது. பேரேட்டின் மறுபக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. பிரிட்டிஷ் தூண்டில்காரர்கள் தங்கள் போலிப்பூச்சிக்குக் கண்ணாகக் கட்டியது தென்னிந்தியச் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்திறகை. மெழுகு சொட்டினாற்போல் வெளுத்த மஞ்சள் புள்ளி கொண்ட இறகு அது. சிறுமலைப் பக்கம் விடியலில் கூவுகிற பறவைதான். 1960களின் பிற்பகுதியில் ஏற்றுமதி தடைப்பட்டது. 1972ன் வனவிலங்குச் சட்டமும் வந்தது. இன்று வெளிநாட்டுப் பண்ணைகளிலேயே அந்தச் சேவலை வளர்த்து இறகு எடுக்கிறார்கள்.

ஒரு வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் சேவலின் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

“எங்கப்பா காலத்துல கண்ணி வெப்பாங்க தம்பி. கழுத்துத்தோலை மட்டும் வாங்கிட்டுப் போக ஆள் வரும். கறி எங்களுக்கு.”

“எதுக்குன்னு சொன்னாங்களாய்யா?”

“நாங்க கேக்கல.”

டேயின் தோல்விக்குக்கூட ஒரு வருஷம் இருக்கிறது. அந்தக் கண்ணிகளுக்கு இல்லை. பெரியவர் குடும்பத்துக்கு இறகு தெரியும், தூண்டில் தெரியாது. தூண்டிலைப் படித்து மார்க் வாங்கிய நானும் அந்த இறகு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.