கொத்தளத்துக்கு வெளியே

வடசென்னையிலே ஒருவர் கண்மூடிவிட்டால், "எங்கே எடுக்கிறார்கள்?" என்று கேட்பது வழக்கம். "மூலக்கொத்தளம்" என்று விடை வரும். கேட்டவர் மேலே எதுவும் கேட்பதில்லை. இராயபுரத்துக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் பேசின் பாலத்துக்கும் இடையே கிடக்கும் அந்த இடம், மக்கள் நாவிலே சுடுகாட்டின் மறுபெயராகிவிட்டது. அங்கே வீடுகள் உண்டு, கடைகள் உண்டு, குழாயடிச் சண்டை உண்டு, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. ஆயினும் ஊரார் நினைவில் நிற்பது பிணமும் புகையுந்தான்.

பிணம் எரியும் இடத்துக்குப் போர்க்களத்துப் பெயர் எவ்வாறு வந்தது? கொத்தளம் என்பது கோட்டை மதிலிலே பீரங்கி ஏற்றி வைப்பதற்காக முன்னே நீட்டிக் கட்டிய மேடை. பகைவனை நோக்கி நிற்க வேண்டிய இடம். அங்கே இன்று பாடை வந்து இறங்குகிறது. இந்த மாற்றத்தின் வரலாறு, சென்னைப் பட்டினம் தன் மக்களை எவ்வாறு பிரித்து வைத்தது என்பதன் வரலாறு.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749-இல் ஆங்கிலேயர் திரும்பப் பெற்றனர். பெற்றவர்கள் கோட்டையைச் சுற்றிப் பார்த்தனர். அதன் வடக்கு மதிலை ஒட்டி நெருக்கமாகக் கிடந்தன கறுப்பர் பட்டினத்தின் வீடுகள். கறுப்பர் பட்டினம் என்பது நாம் வைத்த பெயரல்ல. வெள்ளையர் கோட்டைக்குள் வாழ, கோட்டைக்கு வெளியே வாழ்ந்த நம்மவருக்கு அவர்கள் சூட்டிய பட்டம். பகைவன் மறைந்து நின்று சுடுவதற்கு அந்த வீடுகள் வசதி என்று கண்டதும், இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று உயர்நீதிமன்றம் ஓங்கி நிற்கும் நிலம் அவ்வாறு வெட்டவெளியாக்கப்பட்ட நிலமே. நீதி வழங்கும் மன்றத்தின் அடியிலே எத்தனை குடும்பங்களின் அடுப்படி புதைந்து கிடக்கிறது என்பதை எந்த வழக்கறிஞரும் வாதிட்டதில்லை.

வெளியேற்றப்பட்டோர் முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். புதிய கறுப்பர் பட்டினம் எழுந்தது. 1769-இல் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் தலைவாயிலுக்கே வந்து, கும்பினியாரிடம் உடன்படிக்கை பெற்றுச் சென்றது. அந்த நடுக்கத்திலே பட்டினத்துக்கு மதில் எழுப்பும் வேலை மும்முரமாயிற்று. கிழக்கே கடல் இருந்தது. தெற்கே கோட்டையின் பீரங்கி இருந்தது. ஆகவே வடக்கிலும் மேற்கிலும் மட்டுமே மதில். அந்த இரண்டும் சந்தித்த வடமேற்கு மூலையிலே நின்ற கொத்தளம், மூலைக் கொத்தளம். பேச்சிலே தேய்ந்து மூலக்கொத்தளம். மூலம் என்ற சொல்லைக் கண்டதும் நட்சத்திரத்தையும் மூர்த்தியையும் எண்ணி, இந்த இடத்துக்கும் ஒரு தலபுராணம் கட்ட எவரேனும் முனைவாராயின், அவருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே: ஐயா, அது மூலை. வெறும் மூலை!

மதிலைக் கட்டும் குத்தகை பால் பென்பீல்டு என்பவனுக்குக் கிடைத்தது. கும்பினியின் ஊழியனாக இங்கு வந்தவன் அவன். ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, வட்டிக்கு வட்டி ஏற்றி, அந்த வட்டிக்கு ஊர் ஊராக வரிவருமானத்தை அடமானம் வாங்கிக் குபேரனானவன். உழவன் விளைத்த நெல் இலண்டனிலே மாளிகையாயிற்று. 1785-இல் எட்மண்ட் பர்க் என்ற பேரறிஞர் நவாபின் கடன் விவகாரத்தை இலண்டன் பாராளுமன்றத்திலே எடுத்து, இவனையும் இவன் கூட்டத்தையும் சாடினார். அத்தகைய கைகளால் எழுந்தது நம் பட்டினத்தின் காவல்! செலவையோ மதிலுக்குள் வாழ்ந்தோர் தலையிலே வரியாகச் சுமத்த எண்ணினர். அப்படி வரி போடச் சட்டத்தில் இடமில்லை என்று கண்டு கைவிட்டனர். வசூலாகாத அந்த வரியின் பெயரை, சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்திலே ஓடும் வால்டாக்சு சாலை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. வடக்கு மதில் ஓடிய தடம் இன்றைய பழைய ஜெயில் சாலை. அங்கே மதிலின் ஒரு துண்டு எஞ்சி நிற்கிறது. அதன் மேலே பூங்கா அமைத்து, மாடிப் பூங்கா என்று அழைத்தனர் மக்கள்.

மதில் எழுந்ததும் பட்டினத்துக்கு உள்ளும் புறமும் உண்டாயின. உள்ளே வணிகர், துபாஷிகள், கோயில்கள், தங்கசாலை. வெளியே? கும்பினியின் துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் பெயரால் வண்ணாரப்பேட்டை. உப்பு மூட்டைகள் குவிந்த கொட்டாரங்கள். 1782-இன் பஞ்சத்திலே பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்தின் வழியே வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வடசென்னை மக்கள் அழைத்தனர். எவ்வளவு உண்மையான பெயர்! ஆளுநர் பெயரைப் பலகையிலே பொறித்தது அரசு, கஞ்சியை நினைவிலே பொறித்துக்கொண்டது பசித்த வயிறு. தொழுநோயாளர் விடுதியும் அந்தப் பக்கந்தான். பிற்காலத்தில் கால்வாய் வந்தது, 1856-இல் இராயபுரத்திலிருந்து புகைவண்டி புறப்பட்டது, பேசின் பாலத்தருகே மின்நிலையம் வந்தது, மாநகரின் குப்பையை இறக்கி ஏற்றும் இடமும் வந்தது. பட்டினத்துக்கு எது தேவையோ, ஆனால் கண்ணிலே படக்கூடாதோ, அது அனைத்தும் வடக்கே தள்ளப்பட்டது. நோய், சாம்பல், குப்பை, கரி, பிணம். இவற்றோடு வேலை செய்வோரும் அங்கேயே குடியிருக்கலாயினர். மதில் இடிந்து நூறாண்டுக்கு மேலாயிற்று. உள்ளே, வெளியே என்ற எண்ணம் மட்டும் இடியவில்லை.

இந்த வெளிப்புறத்துக்குத்தான் 1939 சனவரியிலே ஓர் இளைஞனின் உடல் வந்தது.

1938 ஏப்ரலில், இராசகோபாலாச்சாரியார் தலைமையிலான அமைச்சரவை, சென்னை மாகாணத்தில் 125 உயர்நிலைப் பள்ளிகளிலே இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணையிட்டது. எதிர்ப்பு மூண்டது. மறியலின் முதன்மைக் களமாக இருந்தது தங்கசாலைத் தெருவிலுள்ள இந்து தியலாஜிகல் பள்ளி. நாள்தோறும் தொண்டர்கள் அந்தப் பள்ளி வாயிலுக்குச் சென்றனர், கைதாயினர், அடுத்த அணி வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். அவர்களிலே பெண்கள் 73 பேர். தாயோடு சென்ற குழந்தைகள் 32 பேர். கைக்குழந்தை சிறையிலே தவழ்ந்த போராட்டம் அது.

அந்தப் படையிலே ஒருவர் நடராசன். சென்னையைச் சேர்ந்தவர், ஆதிதிராவிட வகுப்பிலே பிறந்தவர், இருபது வயதைச் சுற்றிய பருவம். சிறையிலே நோயுற்றார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்ற வாய்ப்பு இருந்தது. எழுத மறுத்தார். 1939 சனவரி 15, பொது மருத்துவமனையிலே உயிர் பிரிந்தது. இரண்டு மாதம் கழியவில்லை, மார்ச்சிலே தாளமுத்து அதே மருத்துவமனையிலே மாண்டார். அவர் குடந்தையைச் சேர்ந்தவர், நாடார் வகுப்பினர். இருவர் உடலையும் பெருங்கூட்டம் ஊர்வலமாக எடுத்துச் சென்றது. நடராசனின் இறுதி நிகழ்ச்சியிலே, அப்போது முப்பது வயதையும் எட்டாதிருந்த அண்ணாதுரை இரங்கலுரை ஆற்றினார். சேர்ந்த இடம் மூலக்கொத்தளம்.

தாளமுத்துவும் நடராசனும் என்று சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு பெயரும் ஒரு பெயர் போல் ஒலிக்கின்றன. அதனாலேயே ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம். 1939-இல் தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலாவது ஒரு நாடாரும் ஓர் ஆதிதிராவிடரும் ஒரே இடுகாட்டிலே அருகருகே கிடக்க முடிந்திருக்குமா? ஊருக்கொரு சுடுகாடு, சேரிக்கொரு சுடுகாடு. அவற்றுக்குப் போகும் பாதையும் வேறு. நாடார்களைக் கோயிலுக்குள்ளே விடுவதா கூடாதா என்று நீதிமன்றங்களிலே வழக்காடிய நாடு இது. மதுரை மீனாட்சி கோயிலிலே அவர்களும் ஆதிதிராவிடரும் நுழைந்தது 1939 சூலையிலேதான். மூலக்கொத்தளமோ அதற்குச் சில மாதங்கள் முன்பே அந்த இருவரையும் பக்கத்திலே பக்கத்திலே கிடத்திவிட்டது. ஆகமம் எதையும் புரட்டிப் பார்க்கவில்லை. சாத்திரிகள் எவரையும் கேட்கவில்லை. பட்டினம் வேண்டாமென்று ஒதுக்கிய மூலையிலே வேலி போட ஒருவருக்கும் தோன்றவில்லை போலும்.

இதைப் பழங்கதை என்று எண்ணுவோர் 2019-ஐ நினைவுகூர வேண்டும். வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குச் செல்லும் வழி தனியார் நிலத்தால் அடைபட்டதால், தாழ்த்தப்பட்ட மக்கள் தங்கள் வீட்டுப் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினர். அந்தக் காட்சியை நாடே கண்டது, உயர்நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. செத்தவனுக்கும் சாதி உண்டு என்று கூறும் சமுதாயம் அது. எண்பதாண்டுக்கு முன் மூலக்கொத்தளத்தால் முடிந்தது, பாலாற்றங்கரையிலே முடியவில்லை.

அந்த மண்ணிலே மூன்றாவது நினைவிடம் ஒன்றுண்டு. மருத்துவர் தருமாம்பாள் அவர்களுடையது. தஞ்சையை அடுத்த கருந்தட்டான்குடியிலே பிறந்து, சென்னையிலே சித்த மருத்துவம் பார்த்தவர். 1938 நவம்பர் 13 அன்று சென்னையிலே கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டின் முன்னணியிலே நின்றவர். ஈ.வெ.ராவுக்குப் 'பெரியார்' என்ற பெயரை வழங்கியது அந்த மாநாடு. மறுநாளே தங்கசாலைத் தெருவிலே மறியல் செய்து, மூவலூர் இராமாமிர்தம் முதலியோருடன் சிறை சென்றார். பின்னாளிலே, தமிழாசிரியருக்கு மற்ற ஆசிரியரைவிடக் குறைந்த ஊதியம் தரப்படுவதை எதிர்த்து 'இழவு வாரம்' கொண்டாடப் போவதாக அறிவித்தார். மங்கலம், அமங்கலம் என்று சொற்களுக்கே பூநூல் மாட்டிய நாட்டிலே, இழவு என்ற சொல்லையே கிளர்ச்சியின் கொடியாக்கிய துணிவைப் பாருங்கள்! 1959-இல் மறைந்தார். பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போகலாகாது என்பது வழக்கம். தருமாம்பாள் அங்கே நிலையாகவே தங்கிவிட்டார்.

இனி, இன்றைய சிக்கலுக்கு வருவோம்.

இந்த இடுகாட்டு நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டும் திட்டத்தைக் குடிசை மாற்று வாரியம் கொண்டு வந்தபோது, 2018-ஐ ஒட்டி அப்பகுதி மக்களும் பல கட்சியினரும் எதிர்த்தனர். எதிர்ப்பிலே பல குரல்கள் கலந்திருந்தன. நினைவிடத்துக்கு ஊறு நேரும் என்றது ஒரு குரல். எங்கள் முன்னோரைப் புதைத்த இடம் என்றது இன்னொன்று. பிணம் கிடந்த மண்ணிலே குடியிருப்பதா என்று அஞ்சியது மற்றொன்று. எதிர்ப்பையும் மீறிக் கட்டடங்கள் எழுந்தன.

அச்சத்தின் குரலை நாம் ஏற்க முடியாது. புதைந்த எலும்பு எழுந்து வந்து கதவைத் தட்டாது. பேய்க்குப் பயந்து வீட்டை மறுப்பவரிடம், ஆயிரமாண்டுப் பட்டினங்கள் எல்லாமே இடுகாடுகளின் மேலேதான் நிற்கின்றன என்று எடுத்துச் சொல்வது நம் கடமை. பேயைக் காட்டி வாதாடினால் அதிகாரிக்குத்தான் வசதி. 'மூடநம்பிக்கை' என்ற ஒரே சொல்லால் மக்களின் குறை முழுவதையும் தள்ளிவிடுவார்.

ஆனால் மற்றொரு கேள்வி இருக்கிறது, அதற்கும் பேய்க்கும் தொடர்பில்லை. ஏழைக்கு வீடு என்றதும் சுடுகாட்டு நிலம் ஏன் அதிகாரியின் கண்ணுக்கு முதலில் படுகிறது? 1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதே கொள்கை. சேற்றிலே கிடந்தவனை அதே தெருவிலே மாடியிலே ஏற்றியது அந்தத் திட்டம். பிறகு காலம் மாறிற்று. 2000-க்குப் பின் கண்ணகி நகருக்கும், அதைத் தொடர்ந்து பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஏற்றி அனுப்பினர். துறைமுகத்திலே மூட்டை தூக்குபவனுக்கு, காசிமேட்டிலே மீன் கூடை சுமப்பவளுக்கு, பெரும்பாக்கத்திலே வீடு எதற்கு? விடியற்காலையிலே ஏலத்துக்கு வந்து சேர அவளுக்குப் பேருந்து ஏது? அந்தத் தொலைவோடு ஒப்பிட்டால் மூலக்கொத்தளத்திலே வீடு வேண்டும் என்றே நாம் சொல்வோம். அடுத்த தெருவிலே வேலை, நடந்து போகும் தொலைவிலே ஸ்டான்லி, பக்கத்திலேயே பள்ளி.

எனினும் தொலைதூரப் பெரும்பாக்கம், இல்லையேல் எரியும் புகைக்கு அருகே ஒரு மாடி என்று இரண்டே வழிகளை ஏழையின் முன் வைப்பது என்ன நியாயம்? வடசென்னையிலே பூட்டிக் கிடக்கும் ஆலை நிலங்கள் இல்லையா? மேலும் ஒன்றை மறக்கலாகாது. இறந்தோரைப் புதைக்கும் வழக்கம் உழைக்கும் மக்களிடையே மிகுதி. இடுகாடு சுருங்கினால் இடமின்றித் தவிப்பவர் அவர்களே. வீட்டுக்காக எடுத்ததும் அவர்களது நிலம், வீட்டைப் பெற்றவரும் அவர்களே. ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து மறு பையிலே போட்டுவிட்டுக் கொடை என்று சொல்வதைப் போன்றது இது. குழி வெட்டும் தொழிலோ, தலைமுறை தலைமுறையாக ஒரே சாதியாரின் கையிலே கிடக்கிறது. எரிவாயு மேடை வந்த பின்னும் அந்தக் கை மாறவில்லை.

ஆண்டுதோறும் சனவரி 25, மொழிப்போர் ஈகியர் நாள் வரும்போது மூலக்கொத்தளத்து நினைவிடத்திலே தலைவர்கள் மாலை வைக்கின்றனர். எழும்பூரிலே காந்தி இர்வின் சாலையில் ஒரு பெரிய கட்டடத்துக்குத் தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயரிட்டிருக்கின்றனர். மகிழ்ச்சியே. அந்த மாளிகையிலே இயங்குவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். எந்த நிலம் குடியிருப்பு, எந்த நிலம் ஆலை, எந்த நிலம் இடுகாடு என்று காட்டும் இந்த மாநகரத்தின் வரைபடங்கள் அங்கேதான் தீட்டப்படுகின்றன.